டயாட்டம் மண்

டயாட்டம் மண் என்பது வீடுகளிலும் தானியக் கிடங்குகளிலும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படும் ஒரு கனிமத் தூள் ஆகும். டயாட்டம்கள் சிலிக்காவாலான ஓடுகளைக் கொண்ட ஒற்றைக்கல நுண்பாசிகள். ஏரி, கடல் அடித்தளங்களில் இவற்றின் ஓடுகள் நெடுங்காலம் படிந்து மென்மையான பாறையாகின்றன. அப்பாறையை அரைத்தே இத்தூள் பெறப்படுகிறது. ஆல்பிரட் நோபெல் 1867 இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைக்கவும் இதுவே பயன்பட்டது.

செயற்படும் முறை

பூச்சிகளின் புறத்தோல் மீதுள்ள மெல்லிய மெழுகுப் படலம் உடலின் நீர் ஆவியாகாமல் காக்கிறது. நுண்துளைகள் நிறைந்த இத்தூள் உடலில் ஒட்டும்போது அம்மெழுகை உறிஞ்சிவிடுகிறது. ஓரளவு தோலைச் சிராய்க்கவும் செய்கிறது. இதனால் பூச்சி நீரை இழந்து, உலர்ந்து இறக்கிறது. கூரிய துகள்கள் வெட்டுவதே முதன்மைக் காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும், மெழுகு உறிஞ்சப்படுவதே முதன்மையானது என வால்டர் எபலிங் 1971 இல் எழுதிய ஆய்வுரையில் விளக்கினார். இது நஞ்சாகச் செயற்படுவதில்லை. எனவே விளைவு தெரியச் சில நாட்கள் ஆகலாம். பூச்சி உட்கொள்வதால் நஞ்சாகும் போரிக் அமிலத்திலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகிறது.

பயன்பாடு

கரப்பான், எறும்பு, மூட்டைப்பூச்சி, இராமபாணப்பூச்சி ஆகியவை நடமாடும் சுவர் வெடிப்புகள், அலமாரிகளின் பின்புறம், கட்டில் இணைப்புகள் போன்ற இடங்களில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மெல்லிய படலமாக இதனைத் தூவுவர். குவியலாகக் கொட்டினால் பூச்சிகள் அதனைச் சுற்றிச் சென்றுவிடும். பூச்சியின் உடலில் தூள் பட வேண்டும் என்பதால் பறக்கும் கொசுக்களுக்கு எதிராக இது பயனற்றது. நனைந்த தூள் செயற்படாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலும் அதன் திறன் குறையும்.

கனிமப் பொருள் கொண்டு பூச்சியைத் தடுக்கும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு. சேமிக்கும் துவரையை வண்டு தாக்காமலிருக்கச் செம்மண் குழம்பில் பிரட்டி வெயிலில் உலர்த்துவர்.

பாதுகாப்பு

இயற்கைப் பொருள் என்பதால் இத்தூள் தீங்கற்றது எனக் கருதுவது தவறு. சுடப்படாத டயாட்டம் மண்ணில் பெரும்பகுதி படிக உருவற்ற சிலிக்கா ஆகும். நீச்சல் குள வடிகட்டிகளுக்காக உயர் வெப்பத்தில் சுடப்பட்ட வகையில் கிறிஸ்டோபலைட்டு எனும் படிகச் சிலிக்கா மிகுதியாக உள்ளது. படிகச் சிலிக்காத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிசு எனும் நுரையீரல் நோயும் புற்றுநோயும் ஏற்படலாம். எனவே வடிகட்டிக்கான தூளை வீட்டில் தூவக் கூடாது. பூச்சிக் கட்டுப்பாட்டுக்கென விற்கப்படுவதையே, உறையிலுள்ள அறிவுறுத்தலின்படி பயன்படுத்த வேண்டும். அதன் தூசியும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். தூவும்போது முகக்கவசம் அணிவதும், மின்விசிறியை நிறுத்துவதும், குழந்தைகளையும் ஆத்துமா நோயாளிகளையும் விலக்கி வைப்பதும் தேவை. மெத்தையின் மேற்பரப்பில் இதனைத் தூவக் கூடாது.