ரேடியேட்டர் மூடியில் கை வைக்கும் முன்

உழவு ஓட்டும்போது டிராக்டர் சூடேறி நின்றால், பலருக்கும் கை முதலில் போவது ரேடியேட்டர் மூடிக்குத்தான். அது ஆபத்துங்க. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, கனத்த சாக்கை மேலே போட்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகு கழற்றலாம்.

அடுத்தது தண்ணீர். நொய்யல் கரையில் சாயக்கழிவு சேர்ந்த கதை நாம் அறிந்ததே. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரே பாசனத்துக்கு ஆகாமல் போயிற்று. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்படுமா? பயிரைக் கருக்கும் தண்ணீர் எஞ்சினுக்கு மட்டும் எப்படி ஆகும்? வெந்நீர்ப் பானையில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். உப்பு உலோகத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

ஹோஸ் கிளிப்பை அளவான ஸ்குரு டிரைவரால் முடுக்குங்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம். தகடுகளில் அடைந்த பஞ்சையும் தூசியையும் மெல்லிய பிரஷால், அல்லது விசிறிப் பக்கமிருந்து குறைந்த காற்றழுத்தத்தில், எஞ்சின் நின்ற பிறகே தள்ளுங்கள். கசிவு பார்க்கும் கைப்பம்பில், மூடியில் பொறித்த அழுத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வடித்த பழைய கூலண்டைத் தொட்டிப் பக்கம் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், மாடும் நாயும் நக்கும், அது விஷம்.