கிளிமூக்கு மாங்கொட்டைக்குள்

ஜூன் பிறந்தால் திருப்பதி மாவட்டத்துத் தாமலச்செருவு மண்டியில் கிளிமூக்கு மாங்காய் குவியத் தொடங்கிவிடும். தெலுங்கில் தோதாபுரி, நம் பக்கத்தில் பெங்களூரா. சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கூழ் ஆலைகள் அதைப் பிழிந்து கப்பலேற்றுகின்றன. மிஞ்சுவது கொட்டை. அதில் ஒன்றை வீட்டுத் தொட்டியில் ஊன்றினால் மாமரம் வரும். ஆனால் கிளிமூக்கு மரம் வராது.

முதலில் அது முளைக்க வேண்டும். நெல்லையும் துவரையையும் உலர்த்தி வைத்து மறு வருஷம் விதைக்கிறோம். மாங்கொட்டை உலர்ந்தால் செத்துவிடும்; சில வாரங்களுக்கு மேல் தாங்காது. மழைவளம் மிக்க காடுகளில் பிறந்த மரம் அது. பழம் விழும்போதே மழையும் வந்துவிடுவதால், அந்த விதை உறங்கிக் காத்திருக்கப் பழகவில்லை. கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் வெண்ணெய்ப்பழத்தின் விதையும் இப்படித்தான். இத்தனைக்கும் இரண்டும் உறவே இல்லை. மாமரத்துக்கு முந்திரி சொந்தம், வெண்ணெய்ப்பழத்துக்கு இலவங்கப்பட்டை.

கொட்டையைக் கழுவி, ஓட்டின் விளிம்பைக் கத்தியால் நெம்பிப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பை அடிபடாமல் எடுக்க வேண்டும். குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் வைத்து ஈரம் காத்தால், இரண்டு மூன்று வாரத்தில் செப்பு நிறத்தில் துளிர் எழும்.

அந்தத் துளிரின் தாய் யாரென்று தெரியும். தந்தை? பூவிலிருந்து பூவுக்கு ஈக்கள் சுமந்து வந்த மகரந்தம், பக்கத்துத் தோப்பின் நீலமாக இருக்கலாம், பங்கனப்பள்ளியாகவும் இருக்கலாம். தன் மரத்து மகரந்தமே சேர்ந்திருந்தாலும், மாவின் மரபணுக்கள் அவ்வளவு கலப்புள்ளவை என்பதால், சீட்டுக்கட்டைக் குலுக்கியதுபோல் புதிய சேர்க்கைதான் வரும். ஆகவே கிளிமூக்கே வேண்டும் என்கிறவர்கள் கொட்டையை நம்புவதில்லை. ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த இளங்கன்றின் தலையைச் சீவி, அதில் கிளிமூக்குக் குச்சியைச் செருகிக் கட்டுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாந்தூர் நாற்றங்கால்கள் இந்த ஒட்டுக்கன்றுகளுக்குப் பேர்போனவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்: சித்தூர் முழுக்க நிற்கும் கிளிமூக்கு மரங்கள், என்றோ எங்கோ ஒரு கொட்டையில் தற்செயலாக முளைத்த ஒற்றை மரத்தின் கிளைகள். அந்த மரம் போய்விட்டது. கிளை மட்டும் ஓயாமல் வளர்கிறது.

எல்லா மாவும் இப்படியில்லை. மேற்குக் கடற்கரையின் ஒளூர், வெள்ளைக்கொளம்பான் போன்ற வகைகளில் ஒரு கொட்டையிலேயே பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல், தாயின் திசுவிலிருந்து நேரே உருவானவை, தாயின் அச்சு. எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளும் இவ்வாறே செய்கின்றன. நுண்ணோக்கியால் புகழ்பெற்ற லீவன்ஹூக், ஆரஞ்சு விதை ஒன்றில் இரண்டு கருக்களைக் கண்டு 1719இல் எழுதி வைத்தார்.

அப்படியானால் கிளிமூக்குக் கொட்டையை ஊன்றுவது வீண்வேலையா? இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். வெண்ணெய்ப்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் கலிபோர்னியாவில் தபால்காரர் ருடால்ஃப் ஹாஸ் ஊன்றிய விதையில் வந்த கன்றுக்கு ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள்; பிடிக்கவில்லை. போகட்டும் என்று விட்டு வளர்த்த அந்த மரத்தின் பழம்தான் இன்று உலகச் சந்தையை ஆளும் ஹாஸ். தாய்மரம் 2002இல் பட்டுப்போனது. உலகெங்கும் நிற்கும் ஹாஸ் மரங்கள் அதன் ஒட்டுகள்.

மாவிலும் இது நடந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து 1889இல் ஃபுளோரிடாவுக்குப் போன முல்கோபா வகையின் கொட்டைகளை, 1902இல் கேப்டன் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி தன் தோட்டத்தில் ஊன்றினார். அவற்றில் ஒன்றின் தந்தை, அங்கே வளர்ந்த டர்பன்டைன் என்ற நார் மாமரம் என்று மரபணு ஆய்வு பின்னாளில் காட்டியது. அந்தக் கன்றின் வழிவந்ததுதான், இன்று அமெரிக்கக் கடைகளில் நிறைந்திருக்கும் டாமி அட்கின்ஸ்.

கொட்டையில் வளரும் கன்று காய்க்க ஆறு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஹேடன் ஊன்றிய அடுத்த ஆண்டே இறந்துபோனார். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு வளர்த்த அவர் மனைவி ஃப்ளாரன்ஸ், 1910இல் அந்த மரத்தின் சிவந்த பழங்களைப் பார்த்தார்.