நீலம் பாரித்த தகடு

காவிரிப் படுகையில் மலையேற்றம் கிடையாது. கல்லணையிலிருந்து கடல்வரை நிலம் கண்ணுக்கே தெரியாத சரிவில்தான் இறங்குகிறது. மேடேறித் திணறும் வண்டிக்குத்தான் கிளட்ச் சீக்கிரம் போகும் என்பது சரியானால், தஞ்சாவூர்ப் பக்கத்து மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் பிளேட் நீண்டநாள் வரவேண்டும். எல்லா வண்டியிலும் அப்படி வருவதில்லை. காரணம் கேட்டால், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, போகத்தானே செய்யும் என்பார்கள். கிளட்சின் தேய்மானத்தைக் கிலோமீட்டரில் அளப்பதே தப்புக்கணக்கு என்பது என் கட்சி. லீவரை முழுதாக விட்டுவிட்டால் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி ஒரே துண்டாகச் சுழலும். நாகப்பட்டினம் போய்த் திரும்பினாலும் அவற்றுக்குள் உரசல் இல்லை. தேய்வது வழுக்கும் நேரத்தில் மட்டும்தான். ஆகவே கணக்கை வினாடிகளில் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். 110 கிலோ வண்டி, 65 கிலோ ஆள், பின்னால் 45 கிலோ யூரியா மூட்டை. மொத்தம் 220 கிலோ. இதை நின்ற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 850 ஜூல் ஆற்றல் வேண்டும். அந்தச் சில வினாடிகளில் கிளட்சுக்குள் வெப்பமாகப் போவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இனி ஐப்பசி மழையில் ஊறிய வாய்க்கால் கரைக்கு வாருங்கள். களிமண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஓட்டுபவர் லீவரைப் பாதி பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறார். எஞ்சின் 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகவும், எஞ்சின் பக்கத்துக்கும் சக்கரத்துப் பக்கத்துக்கும் நிமிடத்துக்கு 2,000 சுற்று வித்தியாசம் இருப்பதாகவும் கொண்டால், பிளேட்டுகளில் பிறக்கும் வெப்பம் 1,250 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியே 1,000 வாட்தான். ஒரு நிமிடம் இப்படி உறுமினால் 75,000 ஜூல். ஏறக்குறைய 90 முறை நின்று புறப்பட்டதற்குச் சமம். சாலையில் காயப்போட்ட நெல்லை ஒட்டி ஊர்ந்து போவதும், ஆட்டு மந்தைக்குப் பின்னால் நகர்வதும் சின்ன அளவில் இதே கதைதான். மடைப்பலகையைப் பாதி தூக்கினால் பாதித் தண்ணீர் பாயும், மீதி வாய்க்காலில் நிற்கும், நஷ்டம் ஒன்றுமில்லை. கிளட்சைப் பாதி விட்டால் மீதி எங்கும் நிற்பதில்லை, எரிகிறது.

ஏன் இத்தனை பிளேட், பெரிதாக ஒன்று போதாதா என்று கேட்கலாம். உராய்வு விசை தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததல்ல, அழுத்தும் விசையைச் சார்ந்தது என்று பிரான்சின் அமோந்தான் 1699-லேயே சொன்னார். பரப்பைக் கூட்டினால் சூடு பரவும், தேய்வு குறையும், பிடிமானம் கூடாது. அதே ஸ்பிரிங்கின் அழுத்தத்தைப் பல முகங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கூடும். ஐந்து உராய்வுத் தகடு என்றால் பத்து முகம், பத்து மடங்கு பிடி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருள் ஆளையும் மூட்டையையும் இழுப்பது இந்தத் தந்திரத்தால்தான். அதன் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் தேய்வது சொற்பம். ஆனால் எல்லாம் சேர்ந்து அடுக்கின் தடிமனைக் குறைத்து ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறது. லீவரிலுள்ள ‘ப்ளே’யும் குறைந்துகொண்டே வரும். அது அறவே போனால் கேபிள் எப்போதும் லேசாக இழுத்தபடி இருக்கும், பிளேட் எப்போதும் லேசாக வழுக்கும். எனவே எஞ்சினைத் திறக்கும்முன் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. கேபிளைத் திருகித் தீர்க்கவேண்டிய குறைக்குப் புது பிளேட் வாங்குவது வீண்செலவு.

அதன் பிறகும் டாப் கியரில் முறுக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால், பிளேட்தான். இதை வீட்டு வாசலிலேயே நண்பர்களோடு மாற்றலாம் என்று நான் சொல்வது கூலியை மிச்சப்படுத்த அல்ல. கழற்றிய தகட்டைக் கண்ணால் பார்க்க. உராய்வுத் தகடுகளுக்கு இடையில் இருக்கும் எஃகுத் தகடு ஒரு வெப்பமானி. சுமார் 230 டிகிரி செல்சியஸில் அதன்மேல் வைக்கோல் நிறம் படரும், 300-ஐ நெருங்கினால் நீலம் பாரிக்கும். ஆறினாலும் நிறம் போகாது. தகடு வெள்ளையாகவும் தேய்வு சீராகவும் இருந்தால் வண்டி முறையாக உழைத்துத் தேய்ந்தது. நீலத் திட்டும், உராய்வுத் தகட்டில் கண்ணாடிபோலப் பளபளப்பும் இருந்தால் கை தேய்த்திருக்கிறது, அல்லது ஆயில் கெடுத்திருக்கிறது. சமமான கண்ணாடித் துண்டின்மேல் எஃகுத் தகட்டை வைத்தால் கோணல் தெரிந்துவிடும். வாசலில் வெளிச்சமும் நேரமும் இருக்கிறது, கூட இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால், கிளட்ச் கவர் வலப்பக்கம் இருக்கும் வண்டிகளில் ஆயில் முழுவதையும் வடிக்காமலே கவரைக் கழற்றலாம். இன்னொருவர், கவரின் உருவத்தை அட்டையில் வரைந்து, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்திவைக்க வேண்டும். நீளமான போல்ட் குட்டையான துளைக்குப் போனால் எஞ்சின் உறையே விரிசல் விடும். நினைவாற்றலை நம்புகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். புது உராய்வுத் தகடுகளை முன்னதாகவே எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். உலர்ந்த தகடு முதல் ஓட்டத்திலேயே கருகக்கூடும்.

மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை ஏன் மூன்று பேர் அரைநாள் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. சில வண்டிகளில் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றினாலே தகடுகள் கைக்கு வந்துவிடும். வேறு சிலவற்றில் நடு நட்டைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் உளியும் சுத்தியலுமாக இறங்குவதைவிட மெக்கானிக்கிடம் போவதே புத்திசாலித்தனம். வாரன்ட்டி நாளில் இருக்கும் வண்டிக்கும் அப்படியே. ஆனால் பட்டறையிலும் பழைய தகட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாமே. காரணம் தெரியாமல் மாற்றினால், புதுத் தகடும் அதே கரையில் அதே கையால் நீலமாகும். கிளட்ச் லீவரே இல்லாத வண்டி வாங்கினால் தொல்லை விட்டது என்பார் சிலர். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 வகை மொபெட்டுகளில் கைக்கு வேலை இல்லைதான். எஞ்சின் சுழலும் வேகமே கிளட்சைப் பிடிக்க வைக்கிறது. அப்படிப் பிடிக்க வைக்கும் மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவது. சுழற்சி பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். மூட்டைமேல் மூட்டை ஏற்றிச் சேற்றில் மெதுவாக நகர்த்தினால் அதுவும் வழுக்கும். அங்கே பாதி பிடிப்பது கை அல்ல, பாரம்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காரில் கிளட்ச் பெரும்பாலும் உலர்ந்தது, மோட்டார் சைக்கிளில் அது எஞ்சின் ஆயிலிலேயே குளிக்கிறது. எரிபொருள் மிச்சமாக உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை இதில் ஊற்றினால், குறையக்கூடாத இடத்திலும் உராய்வு குறையும். இதற்காகவே ஜப்பானில் 1998-ல் ஜாசோ என்ற தரக்குறியீடு வந்தது. டப்பாவில் எம்ஏ என்றிருந்தால் ஈரக் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் உராய்வு குறைந்த வகை, கிளட்ச் தனியாக இருக்கும் ஸ்கூட்டருக்கு உரியது. மிச்சம் பிடிக்க வாங்கிய ஆயில் பிளேட்டைத் தின்றதா என்பதைப் பளபளக்கும் தகடும் இந்த இரண்டெழுத்தும் சேர்ந்து சொல்லிவிடும். வேலை முடிந்ததும் வடித்த பழைய ஆயிலை ஒரு கேனில் மூடி, பழைய ஆயில் எடுக்கும் கடையில் கொடுங்கள். கொல்லைப்புற வாய்க்காலில் கொட்டினால் அது மெல்லிய படலமாகப் பரவி, அடுத்த மடை வழியே நாற்றங்காலுக்குப் போய்ச் சேரும்.