குண்டு ஏன் குழலினும் பெரிது?

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் எவரும் கொழுப்புத் தடவிய தோட்டாக்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டவை என்ற செய்தி பரவியது, அவற்றைப் பல்லால் கடிக்க இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் மறுத்தனர், கிளர்ச்சி மூண்டது. பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கூரறிவுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு? அதைப் பல்லால் ஏன் கடிக்கவேண்டும்?” என்று கேட்டுவிட்டால், விடை சொல்ல நம்மில் பலர் தயங்குவோம்.

அவ்விடை, குண்டுக்கும் குழலுக்கும் உள்ள பொருத்தத்தில் அடங்கியிருக்கிறது. அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அவற்றுள் ஓரிரு கூற்றைப் பற்றிய கணக்கு அது. அக்கணக்கைத் தொடர்ந்து சென்றால், அது நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்ணில் வந்து நிற்பதையும் காணலாம்.

குண்டு வேறு, தோட்டா வேறு

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். “மார்பில் தோட்டா பாய்ந்தது” என்று செய்திகளில் எழுதுகிறோம். பாய்வது தோட்டா அன்று, குண்டு. தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த முழுப் பொருள். பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் கேப்பு ஒன்று, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், கூடு பின்தங்கும்.

அவ்வெறுங் கூட்டைச் செப்பனிட்டு, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்குவது உண்டு. இதனை ‘மறுநிரப்பு’ எனலாம். அமெரிக்கா முதலிய நாடுகளில் இதைப் பொழுதுபோக்காகவே செய்வோர் பலர். குண்டையும் தாமே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்வர். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தலே குற்றம். ஆதலின் இங்கு நாம் காணப்போவது செய்முறை அன்று. அதனுள் அடங்கிய அறிவு.

பம்பரமும் புரியும்

பம்பரம் சுழலும்வரை நிற்கிறது. சுழற்சி குறைந்ததும் தள்ளாடி விழுகிறது. பறக்கும் குண்டின் இயல்பும் அதுவே. சுழலாத நீண்ட குண்டு காற்றில் புரண்டு குறி தவறும். ஆகவே ரைபிள் துப்பாக்கியின் குழலுக்குள் திருகாணியின் புரியைப் போலச் சுருண்டு செல்லும் பள்ளங்களை வெட்டியிருப்பர். குண்டு அப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு செல்வதால் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது.

பற்றிக்கொள்ள வேண்டுமாயின் குண்டு பள்ளத்தை நிறைக்க வேண்டும். நிறைக்காவிடில் இரு தீங்குகள் நேரும். ஒன்று, சுழற்சி செம்மையாக அமையாது. மற்றொன்று, எரியும் மருந்தின் கடுஞ்சூட்டு வாயு குண்டின் ஓரமாக முந்திக்கொண்டு ஓடும். ஓடும்போதே ஈயத்தை அரித்துக் குழலின் உட்சுவரில் பூசிவிடும். அவ்வாறு ஈயம் படிந்த குழலிலிருந்து அடுத்த குண்டு குறியாகப் போகாது.

இங்கேதான் பழங்காலத்தார் இடர்ப்பட்டனர். அந்நாளில் குண்டைக் குழலின் முன்வாய் வழியாகவே இட்டனர். பள்ளத்தை நிறைக்கும் குண்டு எளிதில் உள்ளே இறங்காது. மரச்சுத்தியால் அடித்து இறக்கினர். எளிதில் இறங்கும் குண்டோ பள்ளத்தை நிறைக்காது. போர்க்களத்தில் சுத்தியால் அடித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கும்?

இதற்கு 1849-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு மினியே என்னும் படை அதிகாரி ஒரு வழி கண்டார். குண்டைச் சிறியதாகவே செய்து, அதன் அடிப்புறத்தைக் குடைந்துவிட்டார். இறங்கும்போது அது சிறியது. வெடிக்கும்போது வாயுவின் அழுத்தத்தால் அடி விரிந்து பள்ளத்தை நிறைக்கும். 1853-ஆம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கி இக்கொள்கையின் வழி வந்ததே. அதன் குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டு அதனினும் சற்றுச் சிறியது.

அந்நாளில் பித்தளைக் கூடு வழக்கில் வரவில்லை. மருந்தையும் குண்டையும் பொதிந்த காகிதச் சுருளே தோட்டா. சிப்பாய் சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, காகிதம் சுற்றிய குண்டை மேலே வைத்துக் கோலால் தள்ளுவான். காகிதம் வழுக்கிச் செல்லவும், முன்பு எரிந்த மருந்தின் கசடு இறுகாமல் இளகி நிற்கவும் கொழுப்பு வேண்டியிருந்தது. மாணவனின் கேள்விக்கு விடை இதுவே. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1857 சனவரியில் எழுந்த கொழுப்புச் செய்தி, மார்ச்சு 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டேயின் கையில் துப்பாக்கியாகவும், மே 10-இல் மீரட்டில் பெருங்கிளர்ச்சியாகவும் மாறியது. கொழுப்பு மட்டுமே கிளர்ச்சிக்குக் காரணம் என்பதன்று. அடுக்கிவைத்த விறகுக்கு அது பொறியாயிற்று.

‘303’ சொல்லும் பாடம்

பின்வாய் வழியாகத் தோட்டாவை இடும் துப்பாக்கிகள் வந்ததும் பழைய இடர் தீர்ந்தது. தோட்டா தங்கும் அறை குழலைவிட அகன்றது. ஆகவே குண்டு குழலினும் சற்றுப் பெரிதாகவே இருக்கலாம். வெடியின் வேகம் அதனைக் குழலுக்குள் நெருக்கித் தள்ளும். பள்ளங்கள் தாமே நிறையும்.

இதற்கு நாம் பெயரளவிலேனும் அறிந்த சான்று ‘303’ துப்பாக்கி. 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் நிலவிய அவசரகாலத்தில் காவல் படையினர் தோள்களில் தொங்கிய லீ-என்பீல்டு அதுவே. 303 என்பது குழலின் மேட்டுக்கு மேடு அளந்த விட்டம், அதாவது 0.303 அங்குலம். அதன் குண்டின் விட்டமோ 0.311 அங்குலம். பெயரைவிடக் குண்டு பெரிது! பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் குழல் இன்னும் அகன்றிருக்கும். போர்க்காலத்தில் விரைந்து செய்த குழல்களில் அவ்வளவு 0.313 அங்குலத்துக்கு மேலும் போவதுண்டு.

உலோக உறை பூண்ட படைக் குண்டு, தன் மெல்லிய உட்கருவின் உதவியால் வெடியழுத்தத்தில் சற்றே பருத்துச் சமாளித்துக்கொள்ளும். (அவ்வுறையின் முனையைத் திறந்துவிட்டு டம்டம்மில் செய்த குண்டே ‘டம்டம் குண்டு’. உடலுள் விரியும் குண்டுகளை 1899-இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் தடை செய்தது.) வார்த்த ஈயக் குண்டுக்கு உறை இல்லை, கடினப்படுத்திய ஈயம் எளிதில் பருப்பதும் இல்லை. ஆகவே மறுநிரப்புவோர் தம் குழலின் பள்ளத்தை முதலில் அளப்பர். அதனினும் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரு பங்கோ பெரிதாகக் குண்டை அமைப்பர். தலைமயிரின் பருமனே ஆயிரத்தில் மூன்று பங்கு அளவு இருக்கும் என்றால் இதன் நுட்பம் விளங்கும்.

பெரிது நன்று என்று கருதி மிகப் பெரிதாக்கினால் அதுவும் கேடு. பருத்த குண்டைச் செருகினால் கூட்டின் கழுத்து விரியும். விரிந்த கழுத்து அறையின் சுவரில் முட்டினால் தோட்டா உள்ளே போகாது. வலிந்து புகுத்திவிட்டாலோ, வெடிக்கும் நொடியில் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமின்றி அழுத்தம் அளவு கடந்து ஏறும். சுடுபவனுக்கே ஆபத்தாக முடியும். அளவறிதல் இங்கே அறிவுரை மட்டுமன்று, உயிர்க்காப்பு.

இரண்டு ஈயங்கள்

இனி, குண்டு வார்க்கும் உலோகத்தைக் காண்போம். தமிழில் ஈயம் இரண்டு. காரீயம் கருமை சார்ந்தது, கனமானது, மென்மையானது, 327 பாகை வெப்பத்தில் உருகும். வெள்ளீயம் வெண்மையானது, 232 பாகையிலேயே உருகும். தனிக் காரீயம் அச்சின் மூலைகளை நன்கு நிறைப்பதில்லை. விரைந்து செல்லும் குண்டுக்கு வேண்டிய கடினமும் அதற்கில்லை. சிறிது வெள்ளீயம் சேர்த்தால் உருகிய கலவை இளகி ஓடி அச்சின் நுண்வரிகளையும் நிறைக்கும். ஆறியபின் உறுதியும் பெறும். பிரிட்டிசுப் படை 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டு, 12 பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து செய்யப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 31 கிராம்.

அவ்வெள்ளீயத்துக்காகப் பிறந்த நகரமே கோலாலம்பூர். டம்டம்மில் கொழுப்புச் செய்தி பரவிய அதே 1857-இல், கிள்ளான் அரசர் இராசா அப்துல்லாவின் முயற்சியால் 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின்வழி மேலேறி, கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் கரையிறங்கி, அம்பாங் காட்டுக்குச் சென்றனர். ஒரு திங்களுக்குள் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோயிற்று. ஆயினும் சுரங்கம் நின்றுவிடவில்லை. அந்த ஈயத்தின் வருவாயே 1867-இல் மூண்ட கிள்ளான் போருக்கும் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கு இரும்புப்பாதை போட்டதும் ஈயத்தைத் துறைக்குக் கொண்டுசெல்லவே. அவ்விரும்புப்பாதைகளில் உழைத்த தமிழர் வாழ்ந்த குடியிருப்புகளால்தான் பிரிக்பீல்ட்ஸ் இன்றும் தமிழ் மணம் மாறாதிருக்கிறது. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக அடங்கின; சுங்கை பீசியின் பெருஞ்சுரங்கம் இன்று ஏரியாக நிற்கிறது.

காரீயம், வெள்ளீயம் இரண்டோடு, அஞ்சனக் கல்லிலிருந்து எடுக்கும் ஆன்டிமனியையும் சேர்த்தால் கலவை மேலும் கடினமாகும். ஆறும்போது சுருங்குவதும் குறையும். இம்மூன்றின் கூட்டே அச்செழுத்து உலோகம். 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ முதலான ஏடுகள் பல்லாண்டுகள் ஈய எழுத்துகளைக் கோத்தே அச்சாயின. எழுத்தை ஓரம் மழுங்காமல் வார்க்கும் குணமே குண்டையும் குறையின்றி வார்க்கிறது. அதனால்தான் பழைய அச்சகங்களின் கழிவுலோகத்தை அமெரிக்கக் குண்டு வார்ப்போர் தேடித் தேடி வாங்கினர்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

காரீயத்தையும் வெள்ளீயத்தையும் ஒரே பெயரால் வழங்குவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாயில் இரண்டும் ‘தீமா’. கறுப்பு ‘ஈத்தாம்’, வெள்ளை ‘பூத்தே’ என்னும் அடைகளே பிரிக்கின்றன. உரோமரும் அவ்வாறே கரிய ஈயம், வெள்ளை ஈயம் என்றனர். கண்ணாற் கண்டு பெயரிட்டவர்கள் எங்கும் ஒன்றுபோலவே நினைத்திருக்கின்றனர்.

ஆனால் அடையை விட்டுவிட்டு ‘ஈயம்’ என்று மட்டும் எழுதுவது இன்று தகாது. பாட்டி இரசம் வைத்த ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் வெள்ளீயம். குண்டு வார்ப்போரையும் அச்சுக்கோப்போரையும் துன்புறுத்தும் நஞ்சு காரீயம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது. பாத்திரத்துக்குப் பூசுவதில் மலிவு கருதிக் காரீயத்தைக் கலந்தால் இரசத்தின் புளி அதைக் கரைத்து வயிற்றுக்குள் சேர்க்கும். ஆகவே பாடநூலில் ‘ஈயம் நஞ்சு’ என்று படிக்கும் பிள்ளை எந்த ஈயம் என்று கேட்கவேண்டும். ஆசிரியர் அதற்கு விடை சொல்லவேண்டும். குண்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள வேறுபாடு தெரியாவிட்டால் ஒரு வாக்கியமே பிழையாகும். இரண்டு ஈயங்களின் வேறுபாடு தெரியாவிட்டால் ஒரு வீட்டின் உணவே பிழையாகிவிடும்.