கரம்பற்றி அழைத்துச் செல்வோர்

அக்டோபர் மாதம் உலகெங்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன் அடையாளமான இளஞ்சிவப்பு நாடா அமெரிக்காவில் பிறந்தது. ஆயினும் அந்நாட்டிலேயே இந்நோயின் சுமை எல்லாப் பெண்கள் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது சற்றே குறைவு. ஆனால் அதனால் இறப்பது ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம்.

குறைவாக வரும் நோய் அதிகமாக உயிரைப் பறிப்பது ஏன்? இந்தக் கேள்வியை விடாமல் எழுப்பிய பெண்களின் வரலாறு, நம் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நோய் மட்டுமே காரணமன்று

ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாததும் விரைந்து பரவுவதுமான ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகைப் புற்றுநோய், கறுப்பினப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. இது உடல்சார்ந்த காரணம். எனினும், எளிதில் குணமாகக்கூடிய வகைகளிலும் அவர்களுடைய இறப்பு விகிதம் உயர்ந்தே இருக்கிறது. காப்பீடு இல்லாமை, விடுப்பெடுத்தால் கூலி இழக்கும் வேலை, தொலைவிலுள்ள மருத்துவமனை, ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே கழியும் வாரங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே உயிரைக் குடிக்கின்றன.

நியூயார்க் நகரின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹெரால்டு ஃப்ரீமன் இதை நேரில் கண்டார். 1964 முதல் 1986 வரை அங்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரில், ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் 39 சதவீதம் மட்டுமே. பாதிப்பேர் நோய் முற்றிய பின்னரே வந்தவர்கள்.

அவர் இரண்டு செயல்களைச் செய்தார். முதலாவது, ஏழைப் பெண்களுக்கு இலவச மார்பகப் பரிசோதனை. இரண்டாவது, 1990இல் தொடங்கிய ‘நோயாளி வழிகாட்டி’ முறை. பரிசோதனையில் ஐயம் எழுந்தவுடன், அப்பெண்ணுக்கு ஒருவர் துணையாக நியமிக்கப்படுவார். படிவங்களை நிரப்புவது, மருத்துவரைச் சந்திக்க நாள் பெறுவது, வராதவரைத் தேடி அழைப்பது, அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்பது ஆகியவை அவருடைய பணிகள். பின்னர் 1995 முதல் 2000 வரை வந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 சதவீதமாக உயர்ந்திருந்தது. புதிய மருந்து எதையும் ஃப்ரீமன் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவமனை வாயிலுக்கும் சிகிச்சை அறைக்கும் இடையிலிருந்த தொலைவையே குறைத்தார்.

சகோதரிகளின் அணி

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், மார்பக அறுவைக்குப் பின் மருத்துவமனையில் தமக்கு அளிக்கப்பட்ட செயற்கை மார்பகம் வெளிர் இளஞ்சிவப்பாக இருந்ததை 1980இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். தம்மைப் போன்றவரை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

இக்குறையைத் தீர்க்கப் பெண்களே முன்வந்தனர். 1993இல் இந்நோய்க்கு ஆளான கேரன் ஈபாங்க்ஸ் ஜாக்சன், மறு ஆண்டே ஹூஸ்டன் நகரில் ‘சிஸ்டர்ஸ் நெட்வொர்க்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். நோயிலிருந்து மீண்ட பெண்கள் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களில் வீடுவீடாகச் சென்று பேசுவது அதன் வழக்கம். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்காக 1996இல் வாஷிங்டன் பகுதியில் ‘நுவேவா வீடா’ அமைப்பு தோன்றியது. ஸ்பானிய மொழியில் இதன் பொருள் ‘புது வாழ்வு’. அச்சமூட்டும் செய்தியைத் தாய்மொழியில் கேட்பதே பாதி ஆறுதல் அல்லவா?

ஆதரவோடு சட்டமும் தேவைப்பட்டது. வருவாய் குறைந்த பெண்களுக்கு இலவசப் பரிசோதனை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 1990இல் நிறைவேறியது. ஆனால் நோய் உண்டெனத் தெரிந்த பின் சிகிச்சைக்குப் பணம் எங்கே? அதற்கான சட்டம் பத்தாண்டுகள் கழித்து, 2000இல்தான் வந்தது. ‘உனக்கு நோய் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது எத்தகைய கொடுமை என்பதை எடுத்துரைத்து, இடைவிடாது வாதாடியோரின் வெற்றி அது.

நம் நாட்டுக்கு என்ன பாடம்?

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயே. 2022இல் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இங்கே தடை நிறமன்று. ஊர், வருவாய், கூச்சம், ‘பிள்ளைகளின் தேர்வு முடியட்டும்’ என்னும் தள்ளிப்போடல்.

வழிகள் இல்லாமலில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம். மும்பை டாட்டா நினைவு மையம், நோயாளி வழிகாட்டிகளை உருவாக்க 2019இல் ‘கேவட்’ என்னும் பயிற்சியைத் தொடங்கியது. கேவட் என்பவர் இராமனைக் கங்கையின் மறுகரை சேர்த்த ஓடக்காரர். தமிழ் வாசகர்களுக்கு உடனே குகன் நினைவுக்கு வருவான்.

முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முறிக்க வருவோரிடம் ‘மருத்துவச் செலவு’ என்னும் சொல்லை வங்கியாளர்களாகிய நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆகவே சில வேண்டுகோள்கள். மருத்துவக் காப்பீட்டை உடல்நலத்தோடு இருக்கும்போதே எடுங்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டுகள் வரை இருக்கலாம். குடும்பத் தலைவரின் பெயரில் மட்டுமன்றி, இல்லத்தரசியின் பெயரிலும் அவரே எடுத்துச் செலவிடக்கூடிய சேமிப்பு இருக்கட்டும். பரிசோதனைக்குச் செல்ல அவர் எவரிடமும் பணம் கேட்டு நிற்கவேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால், மருத்துவ அறிக்கைகளையும் காப்பீட்டுக் கோரிக்கைகளையும் கவனிக்கும் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். நோயோடு போராடுபவர் படிவங்களோடும் போராடலாகாது.

ஹார்லெமில் ஊதியம் பெற்ற வழிகாட்டி செய்த பணியை, நம் வீடுகளில் ஒரு மகளோ மருமகனோ அண்டை வீட்டாரோ செய்யலாம். இம்மாதம் உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பரிசோதனைக்கு என்றைக்குப் போகலாம்? நானும் உடன் வருகிறேன்.”