வெந்தயமும் நீரிழிவும்

நீரிழிவுக்கு வெந்தயம் மருந்தாதலைப் பழந்தமிழ் மருத்துவர் அறிந்திருந்தனர் என நாட்ட விரும்புவார், ‘மேகம்’ என்னும் சொல்லையும் இக்கால அறிவியல் ஆய்வையும் ஒருங்கே துணைக்கொள்ளல் கூடும். இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது. அவற்றை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். வடமொழியில் முகிலைக் குறிக்கும் சொல்லும் சிறுநீர் நோயைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் வேறானவை. அவ்வேறுபாட்டைக் காட்டும் எழுத்துகள் தமிழில் இன்மையின், இரண்டும் ‘மேகம்’ என ஒருவடிவின ஆயின. நோய்ப்பெயராகிய மேகமும் ஒருநோயை மட்டும் சுட்டுவதன்று. ஆயுர்வேத நூலார் அதனை இருபது வகையாகப் பகுப்பர். பிற்கால வழக்கில் பால்வினை நோய்களும் அப்பெயருள் அடங்கின. சிறுநீரின் இனிமையைச் சுட்டும் ‘மதுமேகம்’ என்பதே இன்றைய நோய்க்கு நெருங்கியது. ‘நீரிழிவு’ என்னும் சொல்லோ நீர் மிகுதியாய் இறங்குதலைக் குறிப்பதேயன்றிச் சர்க்கரையைக் குறிப்பதன்று. மேலைநாட்டார் வழங்கும் ‘டயாபெட்டிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவிச் செல்லுதல் என்னும் பொருளதே. இனிமையை உணர்த்த ‘மெல்லிட்டஸ்’ என்னும் அடையை அவர் சேர்த்தனர். எனவே, அடையின்றி மேகம் என வருமிடமெல்லாம் நீரிழிவு எனப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. அந்நூல் கூறும் நோய்க்குறிகளே பொருளைத் துணிதற்குக் கருவியாம்.

இனி, பொருளை நோக்குவோம். வெந்தய வித்தில் ஏறத்தாழப் பாதி நார்ப்பொருளாகும். அதில் கரையும் பகுதியாகிய காலக்டோமன்னன், ஊறிய வெந்தயத்திற்கு வழுவழுப்பைத் தருவது. குடலில் அது கூழாகி, உணவிலுள்ள குளுக்கோசு குருதியிற் கலக்கும் விரைவைக் குறைக்கின்றது. அன்றியும், வெந்தயத்திலுள்ள 4-ஹைட்ராக்சி ஐசோலியூசின் என்னும் அமினோ அமிலம் இன்சுலின் சுரப்பைத் தூண்டுதல் ஆய்வுக்கூடச் சோதனைகளில் அறியப்பட்டுள்ளது.

ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதல்வகை நீரிழிவு நோயர்க்குப் பத்து நாள் வெந்தயம் அளிக்கப்பட்டது. சிறுநீரிற் கழியும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. ஆயின், நாளொன்றுக்கு அளித்தது கொழுப்பு நீக்கிய வெந்தய மாவு 100 கிராம். தாளிப்பில் இடும் ஒரு தேக்கரண்டி வெந்தயமோ ஏறத்தாழ 4 கிராமே. குறைந்த அளவிலும் பயன் கண்ட சோதனைகள் உள. எனினும் அவற்றுட் பல, சிலரிடத்துச் சிலகாலமே நிகழ்ந்தவை. ஆகவே வெந்தயம் துணையுணவாதல் கூடும், மருந்துக்கு மாற்றாகாது. முதல்வகை நோயர்க்கு இன்சுலின் இன்றியமையாதது. மருந்துண்போர் வெந்தயத்தை மிகுதியாக உண்ணின், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். மருத்துவரை வினவியே உண்ணுதல் வேண்டும்.

மருத்துவ நூற்பதிப்பிலும் உரையிலும் ஈடுபடும் மாணவர் இதனை உளங்கொள்ளுதல் நன்று. இலக்கிய உரையில் நேரும் வழு ஒரு பாட்டின் நயத்தைக் கெடுக்கும். மருத்துவ நூலுரையில் நேரும் வழுவோ, அதனை நம்பி மருந்தைக் கைவிடும் ஒருவர்தம் உயிருக்கே இறுதி பயக்கும். பழநூலின் பெருமை, அது கூறாததை அதன்மேல் ஏற்றுதலால் வளர்வதன்று. கூறியதைக் கூறியவாறே விளக்குதலால் நிலைபெறுவதாகும்.