கழிமுகத்தில் ஒரு புதிய மீன்

நுழையும்முன்

கையில் அகப்பட்ட உயிர் ஒன்றின் பெயர் தெரியாதபோது நாம் என்ன செய்கிறோம்? அருகில் இருப்பவரிடம் கேட்கிறோம். அவருக்கும் தெரியாவிடில்? மீன் ஒன்றை இனங்காணும் முயற்சியின் வழியாக, உற்றுநோக்கும் முறையையும் தமிழ்ப் பெயர் ஒன்று கடல் கடந்து சென்ற வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் தெரிந்த அளவிற்கு எங்கள் பகுதி மக்களுக்கு மீன் தெரியாது. கண்மாய்க் கெண்டை, விரால், கெளுத்தி ஆகியவற்றோடு எங்கள் அறிவு பெரும்பாலும் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசியைச் சேர்ந்த என் மாணவர் ஒருவர், விடுமுறைக்கு வைப்பாறு கடலில் கலக்கும் ஊரிலுள்ள மாமா வீட்டிற்குச் சென்றிருந்தார். மாமா கடலுக்குப் போயிருந்த வேளையில், வீச்சுவலையை எடுத்துக்கொண்டு கழிமுகத்தில் இறங்கினார். வலையில் விழுந்தவற்றுள் ஒரு சாண் நீள மீன் ஒன்று அவருக்கு விளங்கவில்லை. அதைப் பனிக்கட்டியில் பொதிந்து ஊருக்கு எடுத்துவந்தார். வீட்டில் குழம்பு வைக்க ஆயத்தமாயினர். அவரோ, பெயர் தெரியாமல் அறுக்கவிடாது பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் செய்தது எவ்வளவு சரியான செயல் என்பதைப் பின்னர் காண்போம்.

வைப்பாறு எங்களுக்கு அயல் ஆறு அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றிச் சாத்தூர் வழியாக ஓடி, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இடமே கழிமுகம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கழிமுகத்தில் இந்த அளவு ஓதம் ஏறும்போது உயரும்; மழைவெள்ளம் வரும்போது தாழும். ஆற்று மீனும் கடல் மீனும் அங்கே சந்திக்கின்றன. அன்றியும், கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் வளரும் தொட்டில் அது. குஞ்சின் நிறமும் வடிவும் தாய்மீனைப் போல் இருப்பதில்லை. ஆகவே பழகிய மீனவரும் சில வேளைகளில் அங்கே திகைப்பர். எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் மீனை மேசைமேல் வைத்தோம். ஒருவர் கெண்டை என்றார். கொடுவா என்றார் மற்றொருவர். இருவரும் நிறத்தைக் கொண்டே சொன்னார்கள். நிறம் நம்பத்தக்க சான்று அன்று. உயிர் பிரிந்தவுடன் மங்கத் தொடங்கும் அது, பனிக்கட்டியில் இரண்டு நாள் கிடந்தபின் எதனையும் உணர்த்தாது. உடலில் நிலையாக அமைந்தவற்றையே பார்க்க வேண்டும். வாயருகே மீசை உண்டா? முதுகுத்துடுப்பு ஒன்றா, இரண்டா? அதில் கூரிய முள் எத்தனை, மென்மையான கதிர் எத்தனை? உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு எங்கே முடிகிறது?

மீசை இல்லை, ஆகவே கெளுத்தி அன்று. முதுகுத்துடுப்பின் முன்பகுதி கூரிய முட்களால் ஆனது, கெண்டையும் விலகிற்று. மடவைக்கு இரண்டு முதுகுத்துடுப்புகள் நன்கு விலகி நிற்கும். இம்மீனிலோ ஆழ்ந்த வெட்டு ஒன்று இருந்தாலும் இரு பகுதிகளும் ஒட்டியே இருந்தன. பக்கக்கோடு வாலின் நுனிவரை சென்றது. கொடுவாவுக்கும் அவ்வாறே செல்லும் என்பதால் கொடுவா என்ற மாணவர் மகிழ்ந்தார். அடிவயிற்றின் பின்புறத் துடுப்பைப் பார்க்கச் சொன்னேன். கொடுவாவுக்கு அதில் மூன்று முட்கள் இருக்கும். இங்கே இரண்டே இருந்தன. கொடுவாவின் வாய் பெரிது. இதன் வாய் சிறியதாய், மூக்கின்கீழ் ஒடுங்கி இருந்தது.

அறுக்கும் முன் அறிக

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். கழிமுகங்களில் பேத்தை என்னும் மீனும் வலையில் விழும். அச்சுறுத்தினால் பந்துபோல் உப்பும். அதன் ஈரல், சினை, தோல் முதலியவற்றில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மாற்று மருந்தும் இல்லை. முதலில் உதடும் நாவும் மரத்துப்போகும். பிறகு மூச்சுவிட உதவும் தசைகள் செயலிழக்கும். செயற்கைச் சுவாசம் அளித்துக் காப்பாற்ற உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பேத்தையைக் கண்டறிவது எளிது: மேலே இரண்டும் கீழே இரண்டுமாகப் பற்கள் நான்கு தகடுகளாய் ஒன்றிக் கிளியலகு போலத் தோன்றும், வயிற்றுத்துடுப்பு இராது. ஆனால் தலையை நீக்கித் தோலை உரித்தபின் இவ்வடையாளங்கள் எங்கே? கடற்கரைச் சிறுவருக்கும் தெரிந்த பேத்தை, உள்நாட்டில் வெறும் வெள்ளைத் துண்டமாகிவிடும். பெயர் அறியாத மீனை முழுதாக வைத்திருக்க வேண்டும் என்பது இதனாலேயே.

முழு மீனின் அருமைக்கு உலகறிந்த சான்று ஒன்றும் உண்டு. 1938 திசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் சலும்னா ஆற்று முகத்துவாரத்திற்கு அப்பால் இழுவலையில் விந்தையான நீலமீன் ஒன்று சிக்கியது. ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர், அதைப் படமாக வரைந்து ஜே. எல். பி. ஸ்மித் என்னும் அறிஞருக்கு அஞ்சலில் அனுப்பினார். அது ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன்! கோடை வெப்பத்தில் கெடத் தொடங்கியதால் தோலைப் பாடம் செய்து, உள்ளுறுப்புகளை அப்புறப்படுத்திவிட்டனர். அவற்றை ஆராய இன்னொரு மீன் வேண்டியிருந்தது. அது 1952இல்தான் கொமோரோத் தீவுகளில் கிடைத்தது.

எங்கள் மீனுக்கு வருவோம். வெளித்தோற்றத்தைக் குறித்துப் படமும் எடுத்தபின் தலையைப் பிளந்தோம். மண்டையோட்டினுள் வெண்ணிறக் கற்கள் இரண்டு இருந்தன. செவிக்கற்களாகிய இவை எலும்புமீன்கள் அனைத்திற்கும் உண்டெனினும் இவ்வளவு பெரியனவாக இருப்பது அரிது. வயிற்றினுள் இருந்த காற்றுப்பையின் முன்முனை சுத்தியல் தலைபோல் இருபுறமும் நீண்டிருந்தது. மாணவர் அன்று மாலை மாமாவோடு தொலைபேசியில் பேசினார். மாமா துடுப்பையோ முள்ளையோ பற்றிக் கேட்கவில்லை. “தண்ணிய விட்டு எடுத்ததும் கத்துச்சா, மாப்ள?” என்று மட்டும் கேட்டார். கொர்கொர் என்று கத்தியதாக இவர் சொன்னதும், “அப்போ கத்தாள. உடம்பு கருத்திருந்தா கருங்கத்தாள” என்றார். காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகள் அதை அதிரச் செய்வதால் எழுவதே அவ்வொலி. நாங்கள் அரைநாள் முயன்று எண்ணிக் கண்டதற்கு அவருக்கு ஒரு கேள்வி போதுமானதாயிற்று.

இப்பெயருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் செருமானிய சமயப் பணியாளர், அவ்வூர்க் கடலிலும் கழிகளிலும் கிடைத்த மீன்களைச் சேகரித்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு பெர்லினுக்கு அனுப்பிவந்தார். அங்கே மார்க்கஸ் எலீசர் பிளாக் என்னும் மருத்துவர், 432 வண்ணப் படங்கள் கொண்ட மீனியல் நூலை 1782 முதல் 1795 வரை வெளியிட்டார். தமிழகத்தையே காணாத அவர், கத்தாளை இனம் ஒன்றுக்கு 1793இல் ஜான் நினைவாக ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார். அதில் ஒரு வகைக்கு ஜான் எழுதியனுப்பிய ‘கருத்த’ என்னும் அடைமொழியையே சூட்டினார். ஜானியஸ் கருட்டா என்பதே இன்றும் அதன் அறிவியற்பெயர். ‘ஆனைக் கத்தாளை’யின் ஆனையும் இவ்வாறே ‘அனியா’ என இலத்தீன் உருக்கொண்டு நிற்கிறது.

இதைக் கேட்டதும் மாணவர் மீண்டும் மாமாவை அழைத்தார். மாமாவுக்கு வியப்பொன்றும் இல்லை. அவருடைய கவலையெல்லாம் மீன் வீணாகிவிட்டதே என்பதுதான். மூன்று நாளாகிவிட்டபடியால் அது குழம்புக்கு உதவவில்லை. செவிக்கற்கள் இரண்டும் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு சிவகாசித் தீப்பெட்டிக்குள் இன்றும் இருக்கின்றன.